வஞ்சிரத்துக்கு நெத்திலி விலை

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி இருக்கிறது என் வீடு. இரவு எட்டு மணிக்கு மேல், கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே ஆன்லைனில் எக்செல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் நடத்துவதில் பெரிய சிரமம் இல்லை. மாணவர்கள் அனுப்பும் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு நாலு வரி எழுத வேண்டும் பாருங்கள், அங்கேதான் நான் இரண்டு முறை சறுக்கினேன்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் 'சூப்பர்' போட்டேன். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், மனம் நோகக் கூடாது என்று. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து படித்த ஒரு பெண், எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் வேலை கேட்டுப் போனார். அங்கே கொடுத்த சின்ன ஷீட்டையே முடிக்க முடியவில்லை. "அஞ்சு வாரமா சூப்பர்னு போட்டீங்களே சார்" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சரி, இனி பட்டென்று சொல்லிவிடுவோம் என்று முடிவுசெய்தேன். அந்த நேரம் பார்த்து மாட்டினார் காசிமேட்டு அண்ணன்.

மீன் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வேலை குறைவு என்று வகுப்பில் சேர்ந்தார். மீன் பெயரை அடித்தால் விலை தானாக வரும்படி வி-லுக்அப் போட்டு ஒரு ஷீட் அனுப்பினார். வஞ்சிரம் என்று அடித்தேன், நெத்திலி விலை வந்து நின்றது. நான் எழுதியது ஒரே வரி: 'சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.'

அப்புறம் இரண்டு வாரம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. போன் செய்தேன்.

"தப்புன்னு சொல்லியிருந்தா பரவால்ல சார். சரிபார்க்கலன்னு போட்டீங்க பாருங்க... ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒக்காந்து பார்த்தேன் சார்."

ஃபைலை மறுபடி திறந்தேன். இறால் அடித்தால் சரியான விலை. சங்கராவும் சரி. அவர் பார்த்தது அவற்றைத்தான். வி-லுக்அப் ஃபார்முலாவின் அடைப்புக்குறிக்குள் நாலாவது இடத்தை, அதற்கு முந்தைய கமாவும் போடாமல், காலியாக விட்டால், பட்டியல் எழுத்து வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தோராயமாகத் தேடும். வரிசையில் இல்லாவிட்டால் சில பெயருக்குச் சரியான விலையைக் கொடுக்கும், சிலவற்றுக்கு எதையாவது கொடுக்கும். பல நேரம் பிழை என்று வாயே திறக்காது, என் பழைய 'சூப்பர்' மாதிரி. அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் போதும். அதை வகுப்பில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனவன் நான்.

ஷீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் எத்தனை மணி வரை விழித்திருந்தார் என்று தெரியாது. தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் எழுதிவைத்திருந்தேன். நேரில் நடக்கும் வகுப்பு என்றால் சிவந்த கண்ணாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

இப்போது எழுதுவதைக் குறைத்து வாய்ஸ் நோட் அனுப்புகிறேன். "அண்ணே, பி4-ல நாலாவது இடம் காலியா இருக்கு. வஞ்சிரம் அடிச்சுப் பாருங்க, என்ன வருதுன்னு சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பாராட்டினாலும் எந்த செல் என்று சொல்லித்தான் பாராட்டுகிறேன். ஒரு ஃபைலுக்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது, முன்பு ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் சாப்பாடு ஆறிப்போகிறது என்று புகார்.

அண்ணன் மறுபடி ஃபைல் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். போன வாரம் என் வாய்ஸ் நோட்டுக்குப் பதில் வந்தது: "சார், நீங்க சொன்னது நல்லா இருந்திருக்கும். ஆனா முப்பதாவது செகண்டுல இருந்து லாரி சத்தம்தான் கேக்குது. ஜன்னலை சாத்திட்டு இன்னொரு தடவை அனுப்புங்க."