சத்தத்தை அணைத்துவிட்டுப் பாட்டுப் பார்த்த மூன்று வாரம்

விஸ்காம் கடைசி செமஸ்டருக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுத்துத் தர வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது, இண்டி (இண்டிபெண்டன்ட்) பாட்டாக இருக்க வேண்டும், நான்கு நிமிடம் தாண்டக் கூடாது. கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஆராய்ச்சிக் கோப்பு ஒன்றும் தர வேண்டும். கோப்புதானே, கடைசி ராத்திரி உட்கார்ந்து நிரப்பிவிடலாம் என்று இருந்தேன். அப்படி நடக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்டது: "ஆல்பம் பாட்டா? யாரு ஹீரோ?"

கிருஷ்ணகிரியில் சினிமாவில் வராத பாட்டு எல்லாமே ஆல்பம் பாட்டுதான். ஹீரோ கிடையாது, பாடுகிறவர்தான் எல்லாம் என்றேன். "அப்போ யாரு பாப்பாங்க?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் வாரம்

குழுவில் நாங்கள் நான்கு பேர். முதல் கூட்டத்திலேயே மூன்று பேர் ஒகேனக்கல் என்றார்கள். பரிசல், பாறை, மேலே இருந்து ஒரு ட்ரோன் ஷாட். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கேமரா வாங்கிய யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் கர்நாடகத்தில் மழை பிடித்து அணையைத் திறந்துவிட்டால் இங்கே பரிசலை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு ஷூட்டிங் நாள் ஜூலையில் வருகிறது. தண்ணீரை நம்பித் தேதி குறிக்க முடியாது என்று சொல்லி அதை அன்றே தள்ளிவைத்தோம்.

அப்புறம் பாட்டுத் தேடல். இண்டி என்றால் என்ன என்பதிலேயே ஒரு நாள் சண்டை. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவினர் கொண்டுவந்த தமிழ் ராப் ஆல்பத்தை ஒருவன் முதலில் வைத்தான். இன்னொருத்தி 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு என்றாள். 2021 மார்ச்சில் வந்த எஞ்சாயி எஞ்சாமி எல்லோருடைய பட்டியலிலும் இருந்தது. இப்போது பெரிய மியூசிக் கம்பெனிகளே இண்டி என்று தனியாக ஒரு கடை விரித்திருக்கின்றன. அந்தக் கம்பெனி காசு போட்டு, ஊரெல்லாம் விளம்பரம் செய்து வெளியிடும் பாட்டு எப்படி இண்டி ஆகும் என்பது என் கேள்வி. "படத்துல வராததால இண்டி" என்றான் எடிட்டிங் பார்க்கும் நண்பன். அப்பா சொன்ன ஆல்பம் பாட்டு என்ற பெயரே பரவாயில்லை.

பன்னிரண்டு வீடியோக்களை எடுத்துக்கொண்டேன். முதல் சுற்றில் பார்த்தேன், ரசித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு நன்றாக இருந்தால் வீடியோவும் நன்றாக இருப்பதுபோலவே தெரிகிறது. இரண்டாம் சுற்றில் சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டேன். அங்கேதான் விஷயம் ஆரம்பித்தது.

விஎல்சி பிளேயரில் 'E' பட்டனைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது ஒவ்வொரு படமாக நகரும். நோட்டில் கோடு போட்டு, காட்சி மாறும் வெட்டு விழும் இடம், முகம் வரும் இடம், வாய் அசையும் இடம் என்று குறித்தேன். ஒரு வீடியோவை முடிக்கவே மூன்று மணி நேரம் ஆனது. சத்தம் இல்லாமல் பார்க்கும்போது சில வீடியோக்கள் துணிக்கடை விளம்பரம்போல ஆகிவிடுகின்றன. யாரோ நடக்கிறார், திரும்புகிறார், சட்டை மாறுகிறது, மறுபடி நடக்கிறார். சில மட்டும் சத்தம் இல்லாமலும் என்னவோ சொல்கின்றன.

அதில் என்னை நிறுத்தி வைத்தது 2017இல் வந்த சென்னை பொறம்போக்கு பாடல். கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா கச்சேரி பாடுகிறார், ஆனால் சபாவில் இல்லை, சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர்க் கழிமுகத்தில். பொறம்போக்கு நிலம் கெட்டுப்போவதைப் பற்றிய பாட்டு; எதைப் பற்றியதோ அந்த இடத்துக்கே கச்சேரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தனியாக ஒரு கதையைத் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது.

பாடத்தில் ஆண்ட்ரூ குட்வின் என்பவர் வருவார். மியூசிக் வீடியோ பற்றி 1992இல் எழுதியவர். வரிக்கும் காட்சிக்கும் மூன்று விதமான உறவு உண்டு என்பார்: வரியில் உள்ளதை அப்படியே காட்டுவது, வரியில் இல்லாததையும் சேர்த்துக் காட்டுவது, இரண்டும் ஒட்டாமல் விடுவது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இது வெறும் மூன்று வார்த்தை. நோட்டில் கோடு போட்டபோதுதான், நம் ஆட்களுக்கு முதல் வகைமீது எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. 'நிலா' என்றால் நிலா வருகிறது. 'மழை' என்றால் தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று தெரிகிறது.

அவர் சொல்லும் இன்னொன்று, பாடுகிறவரின் முகத்தை நெருக்கத்தில் அடிக்கடி காட்டச் சொல்லி கம்பெனி கேட்கும் என்பது. விற்பதற்கு முகம் வேண்டும். நான் எண்ணிய பன்னிரண்டில் ஒன்பது வீடியோக்களில் முதல் 15 நொடிக்குள் முகம் வந்துவிட்டது. கம்பெனி இல்லாமல் சொந்தமாக எடுத்ததாகத் தெரியும் வீடியோக்களிலும் அப்படித்தான். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பழக்கம் போகவில்லை.

இரண்டாம் வாரம்

கிராமத்துப் பாட்டு என்றால் என்னென்ன வரும் என்று குழுவில் ஒரு தடைப் பட்டியல் போட்டோம். பாட்டியின் முகச் சுருக்கம் நெருக்கத்தில், வயலுக்கு மேலே எழும் ட்ரோன், மெதுவாக ஓடும் சிறுவர்கள், கையில் இருந்து உதிரும் செம்மண். எல்லாமே அழகுதான். ஆனால் எங்கள் ஊர் அப்படி இல்லை. காலையில் ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், கிரானைட் கல் ஏற்றிய லாரி, சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும் டிராக்டர். இதை ஏன் ஒருத்தரும் பாட்டில் வைப்பதில்லை?

இந்தப் பேச்சில்தான் பாட்டும் முடிவானது. அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பாடகியின் பாட்டு. யாரோ வருவதற்காகக் காத்திருப்பது பற்றியது. யார் என்று கடைசிவரை சொல்லாத பாட்டு. இன்ஸ்டாகிராமில் அனுமதி கேட்டு எழுதினோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: காலேஜுக்கு என்றால் தாராளமாக எடுங்கள், யூடியூபில் போடுவதாக இருந்தால் முதலில் என்னிடம் காட்டுங்கள். கேட்காமலேயே பாட்டின் டெம்போவையும் அனுப்பியிருந்தார். நிமிடத்துக்கு 100 தட்டு.

இந்த 100 எங்களுக்கு லாட்டரி. ஒரு தட்டுக்கு 0.6 நொடி. நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்து எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம், நான்கு தட்டு சேர்ந்த ஒரு சுற்றுக்கு 60. கால், அரை என்று எதுவும் மிஞ்சாது. பாட்டின் நீளம் 3 நிமிடம் 12 நொடி, அதாவது 80 சுற்று. ஒரு சார்ட் பேப்பரில் 80 கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். எந்தக் கட்டத்தில் என்ன காட்சி என்று பென்சிலில் எழுதலாம், அழிக்கலாம். அம்மா அதைப் பரமபதம் என்று நினைத்துவிட்டார்.

தட்டுக்குத் தட்டு வெட்டினால் என்ன ஆகும் என்று பழைய வீடியோத் துண்டுகளை வைத்து எடிட்டர் நண்பன் ஒரு நிமிடம் வெட்டிக் காட்டினான். லெஃப்ட் ரைட் போடும் என்சிசி பரேடுபோல இருந்தது. நான் குறித்து வைத்த நல்ல வீடியோக்களில் வெட்டு, தட்டுக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னாலேயே விழுந்துவிடுகிறது. பல்லவி திரும்ப வரும்போது மட்டும்தான் தட்டின் தலைமேலேயே விழுகிறது. அதனால் அந்த இடம் அழுத்தமாகத் தெரிகிறது.

மூன்றாம் வாரம், தோப்பில்

காவேரிப்பட்டணம் பக்கம் பெரியப்பாவின் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா மாங்காய் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சோதனையாக ஒரு நாள் எடுத்துப் பார்க்கலாம் என்று போனோம். இரண்டு போன், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், கடன் வாங்கிய ஒரு ட்ரைபாட். பாடகியாக நடிக்கும் தோழி வரிகளை மனப்பாடம் செய்திருந்தாள்.

முதல் தப்பு போனில். வழக்கமாக இருக்கும் 30 ஃப்ரேமிலேயே ஒருவன் எடுத்துவிட்டான். பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் டியூப் லைட் எரிந்தது, வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃப்ரேமில் ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைத்ததும் கோடு நின்றது. இன்னொரு போன் தன் இஷ்டத்துக்கு ஃப்ரேம் எண்ணிக்கையை ஏற்றி இறக்கியிருக்கிறது. முதல் நிமிடத்தில் உதடு சரியாக இருந்து, மூன்றாவது நிமிடத்தில் பாட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இனி ஒவ்வொரு போனிலும் ஃப்ரேமைப் பூட்டும் கேமரா ஆப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது தப்புக்குத் தோழியைத் திட்டியிருக்கக் கூடாது. வரிசை மரங்களுக்கு நடுவே அவள் தூரத்தில் நிற்க, ஸ்பீக்கர் கேமரா பக்கத்தில் இருந்தது. எத்தனை முறை எடுத்தாலும் உதடு பின்தங்கியது. "சரியாப் பாடு" என்று நான்கு முறை சொன்னேன். பாவம், அவள் சரியாகத்தான் பாடியிருக்கிறாள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. ஒரு ஃப்ரேம் நேரத்தில் பதினான்கு மீட்டர்கூட இல்லை. நாற்பது மீட்டர் தள்ளி நின்றால் பாட்டு அவள் காதுக்குப் போவதே மூன்று ஃப்ரேம் தாமதமாகத்தான். ஸ்பீக்கரை அவள் காலடியில் புல்லுக்குள் மறைத்தோம், தீர்ந்தது. மன்னிப்புக்கு ஒரு கிலோ செந்தூரா மாம்பழம்.

அப்புறம் ஸ்லோமோஷன். உருவம் மெதுவாக நகர வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு ஒட்ட வேண்டும். வழி ஒன்றுதான்: பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டு, 50 ஃப்ரேமில் எடுத்து, பிறகு 25இல் ஓட்டுவது. கோல்ட்பிளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் 2002இல் ஒரு வீடியோவுக்காகப் பாட்டைத் தலைகீழாகவே பாடப் பழகினார். அதைவிட இது சுலபம் என்று சொல்லித்தான் தோழியைச் சம்மதிக்க வைத்தேன். ஸ்பீக்கரில் பாட்டு எலிக்குரலில் ஓட, அவள் மூச்சு வாங்க அதற்கு வாயசைத்தாள். மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏன் கண்ணு, யாராச்சும் தொரத்துறாங்களா?" என்றார். அந்த டேக் சிரிப்பில் போனது. அடுத்த டேக்கை அன்று மாலை 25இல் ஓட்டிப் பார்த்தபோது நான்கு பேரும் பேசவில்லை. தலைமுடி தண்ணீருக்குள் இருப்பதுபோல அலைகிறது, உதடு மட்டும் வரியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, மாங்காய்ப் பால். அழகுக்காக ஒரு காயைக் காம்போடு ஒடிக்கச் சொன்னோம். பால் பீய்ச்சித் தோழியின் கன்னத்தில் அடித்தது. தோப்பு ஆட்கள் காயைப் பறித்ததும் காம்புப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் பால் வடிய வைப்பது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. உடனே கழுவியும் மறுநாள் கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்துவிட்டது. இப்போது எந்தக் காட்சியிலும் வலது கன்னம் காட்ட முடியாது. ஒரு வாரம் ஆகும் என்கிறாள்.

சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பெரியப்பா போனில் எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எடுத்த எடுப்புல மூஞ்சியக் காட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு தம்பி? தெருக்கூத்துல துரியோதனன் வர்றதுக்கு எவ்வளவு நேரம் திரை பிடிப்பாங்க, நீ பாத்ததில்லையா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். திரௌபதை அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வேஷக்காரர் பின்னால் நின்று பாடிக்கொண்டே இருப்பார். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான் தெரியும். கால் தரையை உதைக்கும்போது பின்வரிசையில் தூங்கிய பிள்ளைகள் எழுந்துவிடும். துணி விலகும்போதுதான் முகம். முகத்தைக் காட்டுவதற்கு என்று எங்கள் ஊரில் ஒரு முறையே இருக்கிறது. நான் அதை விட்டுவிட்டுப் பன்னிரண்டு வீடியோவில் நொடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராத்திரியே சார்ட்டில் முதல் எட்டுக் கட்டத்தை அழித்தேன். எட்டுச் சுற்று என்றால் 19.2 நொடி. தோப்பு ஆட்கள் இரண்டு பேர் துணி பிடிக்க, பின்னால் அவள் பாடுகிறாள். கால், நிழல், துணியை மீறித் தெரியும் கை. ஒன்பதாவது சுற்றின் முதல் தட்டில் துணி விழும். "பத்து செகண்டுல முகம் வரலைன்னா பாக்கிறவன் தள்ளிட்டுப் போயிடுவான்" என்கிறான் எடிட்டர். அவன் சொல்வதும் தப்பில்லை, நானே அப்படித் தள்ளுகிறவன்தான். ஆறு சுற்றாகக் குறைத்து 14.4 நொடிக்குச் சமாதானம் ஆகியிருக்கிறோம். மதிப்பெண் போடுகிறவர் தள்ளிவிட்டுப் போக முடியாது என்பது என் தைரியம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பழம் கொட்டும் நீலத் தார்ப்பாயைத் திரையாகப் பிடித்துப் பார்த்தோம். நிழலே விழவில்லை. அது கீழே இறங்கியதும் முகமெல்லாம் நீலம் அடித்து, ஏதோ சாமி வேஷம்போல இருந்தாள். மெல்லிய வெள்ளைத் துணி வேண்டும், வெயில் பின்னால் இருக்க வேண்டும். பெரியப்பாவிடம் எட்டு முழ வேட்டி ஒன்று கேட்டிருக்கிறேன். தருகிறாராம். மண்ணில் விழுந்தால் நான்தான் துவைக்க வேண்டுமாம். ஒவ்வொரு டேக்கிலும் விழத்தான் போகிறது.