துணையின் சம்பளமும் கடன் நிவாரண ஆணையும்

“என் கணவருக்குச் சம்பளம் வரும்போது எனக்கு எப்படி நிவாரணம் தருவார்கள்?” கடனில் சிக்கியிருக்கும் லண்டன் தமிழ்ப் பெண்கள் சிலர் இப்படிக் கேட்டுவிட்டு, ஆலோசகரிடம் போகாமலேயே இருந்துவிடுகிறார்கள். அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது என்பதால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை எப்படி இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

டி.ஆர்.ஓ. எனப்படும் கடன் நிவாரண ஆணை 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இது சொந்த வீடோ சேமிப்போ இல்லாத, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கானது. 2024 ஜூன் 28 முதல், மொத்தக் கடன் 50,000 பவுணுக்கு மேற்படாதவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். சொத்துகளின் பெறுமதி 2,000 பவுணைத் தாண்டக் கூடாது. 4,000 பவுண் வரையான ஒரு வாகனம் அதில் சேராது. அவசியச் செலவுகள் போக மாதம் எஞ்சுவது 75 பவுணுக்கு மேற்படக் கூடாது. ஆணை கிடைத்தால், அதில் சேர்ந்த கடன்களைக் கொடுத்தவர்கள் 12 மாதங்களுக்கு உங்களிடம் வசூலிக்க இயலாது. அதன்பின் அக்கடன்கள் தள்ளுபடியாகும். முன்பு இருந்த 90 பவுண் கட்டணமும் 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டது.

துணையின் சம்பளம் அந்த 75 பவுண் கணக்கில்தான் நுழைகிறது. அவருடைய சம்பளத்தை உங்கள் வருமானமாகச் சட்டம் எண்ணுவதில்லை. ஆனால் குடும்பத்தின் நியாயமான தேவைகளுக்கு அவர் தரும் பங்களிப்பைக் கணக்கில் எடுக்கிறது. உதாரணமாக, உங்களுக்கு மாதம் 900 பவுணும் அவருக்கு 2,100 பவுணும் வருகின்றன. வாடகை, கவுன்சில் வரி, எரிவாயு, மின்சாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,400 பவுண் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருமான விகிதப்படி பிரித்தால் உங்கள் பங்கு 30 வீதம், அதாவது 720 பவுண். பேருந்துக்கும் தொலைபேசிக்கும் உடுப்புக்கும் 130 பவுண் போனால் எஞ்சுவது 50 பவுண். நீங்கள் தகுதியுடையவர். அதே வீட்டில் பொதுச் செலவு முழுவதையும் அவரே கட்டி வந்தால், உங்கள் கையில் 770 பவுண் எஞ்சுவதாக ஆகிவிடும், அப்போது டி.ஆர்.ஓ. கிடைக்காது. ஆகவே, துணை எவ்வளவு உழைக்கிறார் என்பதைவிட, வீட்டுச் செலவை உண்மையில் யார் எவ்வளவு கட்டுகிறார் என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நம் வீடுகளில் இரண்டு சம்பளமும் ஒரே கணக்கில் விழுந்து, யாருடைய காசு எங்கே போனது என்று பிரிக்க முடியாமல் கிடக்கும். அரச உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டும் தம்பதிக்குச் சேர்த்தே வருகிறது. அதனால் இந்தக் கணக்கைப் பொறுமையாக உட்கார்ந்து போட வேண்டும். விண்ணப்பத்துக்காகச் செலவுகளை மாற்றிக் காட்டவே கூடாது.

கணவனும் மனைவியும் ஒரே விண்ணப்பம் போட இயலாது. தேவைப்பட்டால் இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். இருவர் பெயரிலும் எடுத்த கடன் ஒவ்வொருவரின் கணக்கிலும் முழுத்தொகையாகவே சேரும். ஒருவருக்கு மட்டும் ஆணை கிடைத்தால், அந்தக் கடன் முழுவதையும் மற்றவரிடம் கேட்கலாம். இதை அறியாமல் விண்ணப்பித்து, பிறகு துணையின் வாசலில் வசூல்காரர் நிற்பதைக் கண்டு திகைத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். துணையின் பெயரில் மட்டும் உள்ள கடனோ சேமிப்போ உங்களுடையதாகாது. ஆனால் உங்கள் நகையையோ காரையோ கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் பெயருக்குச் சும்மா மாற்றிக் கொடுத்திருந்தால், அதன் பேரிலேயே விண்ணப்பம் மறுக்கப்படலாம். சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்றும் கட்ட வேண்டிய சீட்டுக் காசும் கடன்தான். பட்டியலில் அவற்றையும் எழுத வேண்டும்.

விண்ணப்பத்தை நாமே நேரடியாக அனுப்ப இயலாது. அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் வழியாகவே அனுப்ப வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்ற அமைப்புகள் இதை இலவசமாகச் செய்கின்றன. போகும்போது துணையின் சம்பளச் சீட்டையும் கொண்டு போனால் பங்கீட்டை ஊகிக்க வேண்டியிராது. ஆணை கிடைத்த பின், அந்த 12 மாதங்களுக்குள் உங்கள் வருமானம் கூடினாலோ, துணை வீட்டுச் செலவில் அதிகம் ஏற்கத் தொடங்கினாலோ, ஆணையை வழங்கும் அரச அதிகாரியான ஒஃபிஷல் ரிசீவருக்கு உடனே அறிவிக்க வேண்டும். எஞ்சும் தொகை வரம்பைத் தாண்டினால் ஆணையை ரத்துச் செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு.