மலை ரயில் இன்ஜினைப் பிரித்து மாட்டியபோது

நீலகிரி மலை ரயில் இன்ஜின் பெரிய பழுதுக்காகத் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது லாரியில்தான் வரும். அதன் மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை மேட்டுப்பாளையத்தோடு முடிந்துவிடுகிறது, இந்தப் பக்கம் முழுக்க பிராட்கேஜ் என்ற அகலப் பாதை. அப்படி வந்து இறங்கிய ஒரு எக்ஸ் வகுப்பு இன்ஜினைப் பிரித்து மாட்டிய ஃபிட்டர்களில் நானும் ஒருவன். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்த வண்டி. அந்த வகை இன்ஜின்கள் 1914 முதல் 1952 வரை பல தவணைகளில் அங்கிருந்து இங்கே வந்தன.

சாதாரண நீராவி இன்ஜினில் வேலை செய்தவர்களையும் இது திணறடிக்கும். சிலிண்டர் நான்கு. கீழே உள்ள ஜோடி சக்கரங்களை உருட்டும். மேலே உள்ள ஜோடி, தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல் சட்டத்தைக் கடித்து ஏறும் பினியன்களை, அதாவது பல்சக்கரங்களைச் சுற்றும். சமதரையில் கீழ் ஜோடி மட்டும் போதும். கல்லாறு ஸ்டேஷன் தாண்டி 12 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்ததும், கீழ் சிலிண்டர் வேலை பார்த்து வெளியே விடும் நீராவியே மேல் சிலிண்டருக்குள் போய் இன்னொரு முறை உழைக்கும். ஒரே உடம்புக்குள் இரண்டு இன்ஜின் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையை நுழைக்க இடமிருக்காது.

முதலில் பாய்லர். சூட்டுப் புகை போகும் ட்யூப்களை உருவி எடுத்தால் சுண்ணாம்புப் படிவு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தீ எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் பிடித்து நிற்பவை ஸ்டே எனப்படும் போல்ட்டுகள், நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது கணீரென்று சொல்லும், உள்ளே முறிந்தது மொத்தென்று விழும். எங்கள் பாய்லர்காரர் தட்டும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. சந்தேகப்பட்டதில் அவர் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார், அதை யாரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. எல்லாம் மாற்றிய பிறகு விளிம்புவரை தண்ணீர் நிரப்பிப் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றினோம். தண்ணீர் என்பதால் எங்காவது விட்டாலும் ஒழுகுவதோடு போய்விடும். அதையே முதலில் நீராவி வைத்துப் பார்த்தால் ஆளைக் கொன்றுவிடும்.

எனக்கு வந்தது பினியன் வேலை. பல் சட்டம் ஒன்றல்ல, இரண்டு பட்டைகள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளிப் பதித்திருப்பார்கள். பினியனிலும் அதே கணக்கு. ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும். இதில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சுமை முழுவதும் மற்றப் பக்கத்தின் மேல் விழும். அதனால் பல்லில் நீல மசி தடவி, மெல்லச் சுற்றி, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து அரத்தால் தேய்த்தோம். திரும்பத் தடவல், திரும்பச் சுற்றல். இன்னொரு சங்கதியும் உண்டு: சக்கரத்தின் டயர், அதாவது அதன் மேல் உள்ள எஃகு வளையம், தேயத் தேய இன்ஜின் தாழும், பினியன் சட்டத்துக்குள் அதிகமாக இறங்கிவிடும். ஆக டயரைக் கடைந்ததும் பினியனின் உயரத்தை மறுபடி அளந்தாக வேண்டும்.

உதிரிபாகம் எதுவும் கடையில் கிடைக்காது. பழையதை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்துதான் மாட்ட வேண்டும். மாதக்கணக்கில் இழுத்ததற்கு இதுதான் காரணம். பெயின்ட் அடித்ததும் பித்தளை துலக்கியதும் கடைசிச் சில நாள் வேலை, ஆனால் பார்க்க வந்தவர்கள் பாராட்டியது அதைத்தான்!

அப்புறம் மேட்டுப்பாளையத்தில் சோதனை. சில்லிட்ட பாய்லரை அவசரமாகச் சூடேற்றினால் தகடு ஒரு பக்கம் விரிந்து ட்யூப் மூட்டு கசியும், அதனால் தீயைச் சின்னதாகவே வைத்திருந்தார்கள். கல்லாறில் பல் சட்டத்தின் நுனி ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். டிரைவர் வேகத்தைக் குறைத்து, பினியனை முன்கூட்டியே சுழலவிட்டு உள்ளே நுழைத்தார். லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான், பல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நின்றபோது மேல் சிலிண்டரில் தண்டு நுழையும் இடத்தில் நீராவியை அடைக்கும் கிளாண்டு ஒன்று கசிந்து ஊதியது. இறுக்கிவிட்டு குன்னூர்வரை போனோம். பேரிங்குகளைக் கையால் தொட்டுப் பார்த்தேன், சூடு கைபொறுக்கும் அளவுதான். இறங்கும்போது பிரேக் சோதனை பாக்கி இருந்தது, அதையும் முடித்த பிறகே ஷெட்காரர்கள் கையெழுத்துப் போட்டு வண்டியை வாங்கிக்கொண்டார்கள்.