மகள் கட்டிய அவசரப் பை

மாரி தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கம் யாரைக் கண்டாலும் முதல் கதை இரணைமடுக் குளம்தான். "இப்ப எத்தினை அடியாம்?" 36 அடியை நெருங்கிவிட்டால் வான்கதவுகளைத் திறப்பார்கள். 2018 மார்கழியில் அப்படித்தான் குளம் நிரம்பி, கதவுகள் திறந்து, ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்போது பிறந்தே இராத என் பிள்ளைகளுக்கு, பயப்படுத்தாமல் நாலு விஷயம் சொல்லிவைப்போம் என்று ஒரு பின்னேரம் பாயை விரித்து இருந்தேன்.

வெள்ளத்துக்குள் இறங்கி விளையாடக் கூடாது, எது பள்ளம் எது கிணறு என்று தெரியாது. பாம்பு வீட்டுக்குள் ஏறும், சப்பாத்தைத் தட்டிப் பார்க்காமல் கால் வைக்கக் கூடாது. ரோட்டில் போகிறவர் சொல்லும் கதையை நம்பக் கூடாது. கிராம சேவையாளர் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடித்துக் கேட்க வேண்டும். மகள் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினாள். நாலு வயது மகனுக்கு வேறு கவலை.

"அப்ப மாட்டை ஆர் தூக்கிறது?"

தூக்கத் தேவையில்லை, கயிற்றை அவிழ்த்துவிட்டால் மேட்டைப் பார்த்துத் தானே போய்விடும் என்றேன்.

"அப்ப நாங்களும் மாட்டுக்குப் பின்னால போவம்."

இதில் மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்தது அவசரப் பை. டோர்ச், பற்றரி, மருந்து, பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், பொலித்தீனில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று நான் அடுக்க, அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி சிரித்தார். காணி உறுதியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எத்தனை ஊர் இடம்பெயர்ந்தவர்! அவருக்கே பை கட்டப் படிப்பிக்கிறேனாம். "நெருப்புப்பெட்டியும் சீனியும் வை பிள்ளை. பிளேன்ரீ இல்லாட்டி ஒருத்தரும் சொல்வழி கேட்க மாட்டினம்" என்றார். எந்தக் கையேட்டிலும் நான் காணாத ஆலோசனை. சீனி உடனே பைக்குள் போனது.

பையை மகளே பொறுப்பெடுத்தாள். அடுத்த நாள் காலை மாமா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கட்டுப்பல்லைக் காணோம். அலுமாரி, கிணற்றடி, கட்டிலுக்குக் கீழே எல்லாம் தேடி, கடைசியில் அவசரப் பைக்குள், பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, றப்பர் பாண்டும் போட்டபடி பல்லு பத்திரமாக இருந்தது.

"தண்ணி வந்தா அப்பப்பா எதால பிஸ்கட் சாப்பிடுவார்?"

நியாயம்தான். ரிவி றிமோட்டின் பற்றரிகளும் அங்கேதான் இருந்தன. அவற்றைப் பற்றி ஒருவரும் கேட்கத் துணியவில்லை.

அந்தக் கிழமையே ஒரு இரவு நல்ல இடி. முதல் முழக்கத்துக்கே ரிவி வயரைப் பிடுங்கு என்று மகள் கத்த, மாமா செய்தியைப் பாதியில் விட்டு எழும்பிப் பிடுங்கினார். அப்புறம் கரண்டும் போய்விட்டது. சோற்றுக் கோப்பை எங்கே, குழம்பு எங்கே என்று தெரியாத கும்மிருட்டு. டோர்ச்சைத் தா என்றேன். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். அது வெள்ளத்துக்காம்.

மாமி சமாதானத்துக்கு இறங்கினார். "கரண்ட் போறதும் அனர்த்தம்தானேயம்மா?"

"கிராம சேவையாளர் அறிவிச்சவரோ, அப்பம்மா?"