மார்க் நேராகத்தான் இருந்தது

வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடுகிற பாகம்) அடியில் ஆயில் கசிகிறது, ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாற்று என்று என்னிடம் விட்டார்கள். ஒரே ஒரு கிளாம்ப் போல்ட்தானே என்று கழற்றி உருவிவிட்டேன். அதன் உள்ளே சுழலும் ரோட்டார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, அதன் பாடி எந்தக் கோணத்தில் இருந்தது, எதையும் குறித்து வைக்கவில்லை. போதாக்குறைக்கு நான் ஓ-ரிங் தேடிப் போன நேரத்தில் யாரோ சாவியைத் திருகி எஞ்சினை நாலைந்து சுற்று சுற்றவிட்டிருக்கிறார்கள்.

சரி, படித்தது கை கொடுக்கும் என்று கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) புல்லியில் இருந்த கோட்டை எஞ்சினில் இருக்கிற முள்ளுக்கு நேரே கொண்டுவந்து, ரோட்டார் ஒன்றாம் நம்பர் ஒயரைப் பார்க்கிற மாதிரி இறக்கி, சிலிண்டர்களில் பொறி விழுகிற 1-3-4-2 வரிசையில் ஒயர்களைச் செருகி ஸ்டார்ட் அடிக்கச் சொன்னேன். டொப்! கார்ப்பரேட்டர் வாயிலிருந்து தீ எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது. என் முன்கை முடி பொசுங்கிய நாற்றம் சாயங்காலம் வரை போகவில்லை.

பக்கத்து வண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மூத்த மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். "மார்க் நேராத்தான் இருக்கு. எந்தச் சுத்துல நேரா இருக்கு தம்பி?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

நாலு ஸ்ட்ரோக் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது, வால்வுகளைத் திறக்கிற கேமும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே சுற்று. அதனால் புல்லிக் கோடு முள்ளுக்கு நேரே இரண்டு தடவை வரும்: ஒன்று கம்ப்ரஷன் (கலவையை அழுத்துவது) முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் (புகையை வெளியே தள்ளுவது) முடிவில். நான் பிடித்தது இரண்டாவதை. கலவையை உள்ளே விடுகிற இன்டேக் வால்வு திறக்கத் தொடங்குகிற நேரத்தில் பொறி விழுந்தால் தீ கார்ப்பரேட்டர் பக்கம் வராமல் எங்கே போகும்?

ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி ஓட்டையைக் கட்டைவிரலால் அடைக்கச் சொல்லிவிட்டு, அவர் ஸ்பேனரைப் போட்டு புல்லியை மெதுவாகத் திருப்பினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் விரலைத் தள்ளிக்கொண்டு 'புஸ்' என்று காற்று வந்தது பாருங்கள், அன்றைக்குத்தான் கம்ப்ரஷன் என்ற சொல் எனக்கு அர்த்தமானது. ராக்கர் கவரைத் திறந்தும் பார்க்கலாம்; ஒன்றாம் நம்பரின் வால்வுகளைத் தள்ளுகிற இரண்டு ராக்கரும் லூஸாக ஆடும், அதே நேரம் நாலாம் நம்பரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கும். ஆனாலும் எனக்கு விரல்தான் சௌகரியம்.

இறக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கியர் பல் சாய்வாக வெட்டியிருப்பதால் உட்காரும்போது ரோட்டார் கொஞ்சம் சுழன்றுவிடும். கழற்றும்போது எவ்வளவு திரும்புகிறது என்று கவனித்து, மாட்டும்போது அதே அளவு பின்னால் வைத்து இறக்க வேண்டும். சில எஞ்சின்களில் அதே தண்டுதான் ஆயில் பம்பையும் சுற்றும். கீழே இருக்கிற பள்ளம் சேராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் சில மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் போல்ட் போட்டு இறுக்கி உட்காரவைக்கப் பார்த்து, கிளாம்ப் காதை உடைத்த ஆளையும் எனக்குத் தெரியும் (நான் இல்லை, நம்புங்கள்). நீளமான ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு பம்ப் தண்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும், தானாக விழும்.

அப்புறம் பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற சுவிட்ச்; அது திறக்கிற நொடியில்தான் பொறி விழும். அதன் இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங்கை (பொறி விழும் நேரம்) தொட வேண்டும், இடைவெளி அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகிவிடும், அதாவது முந்திவிடும். இக்னிஷனைப் போட்டு, பொறிக்கு மின்சாரம் தருகிற காயிலிலிருந்து பாயிண்டுக்கு வருகிற முனைக்கும் வண்டி பாடிக்கும் நடுவில் 12 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டி, ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பல்பு எரிகிற அந்த நொடிதான் பாயிண்ட் திறக்கும் இடம். ஸ்டார்ட் ஆகிற அளவுக்கு இது போதும், மீதியை டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னி, புல்லிக் கோடு எங்கே நிற்கிறது என்று காட்டுகிற விளக்கு) பார்த்துக்கொள்ளும்.

டைமிங் லைட்டிலும் ஒருமுறை மாட்டினேன். எஞ்சின் உறிஞ்சுவதை வைத்து டைமிங்கை முந்த வைக்கிற வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைக்க வேண்டும்; அதைச் செய்யாமல் மாட்டியபடியே ஐடிலில் டிகிரியைச் சரியாக வைத்து அனுப்பிவிட்டேன். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (கலவை சிலிண்டர்களுக்குப் போகிற குழாய்) வரும் ஹோஸ் அது. ஐடிலில் அதுவே அட்வான்ஸை ஏற்றிக் காட்டியிருக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வேக்குவம் போய்விட, உண்மையான டைமிங் பின்தங்கியிருந்தது தெரிந்தது. வண்டி இழுக்கவில்லை, சூடேறுகிறது என்று மறுநாளே திரும்பி வந்தார்கள்.

இப்போதெல்லாம் கழற்றும் முன்பே பெயின்டால் இரண்டு கோடு, போனில் ஒரு போட்டோ. கிளாம்ப் போல்ட்டை இறுக்கும்போது பாடி துளி நகர்ந்தாலும் டைமிங் மாறிவிடும் என்பதால், இறுக்கிய பிறகு லைட்டை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பானெட்டை மூடுகிறேன்.