முன்பு செய்த தொழில்

ரொறன்ரோவில் புதிதாக வந்து குடியேறுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் ‘முன்பு செய்த தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மருந்தாளர், நீதிமன்ற எழுத்தர், பாடசாலை அதிபர் என்று எழுதுவார்கள். இப்போது பலருக்கும் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அந்தக் கட்டத்தை என்னை நின்று வாசிக்க வைத்தவர் அலெக்சாண்டர் ஹெமோன் என்ற எழுத்தாளர்.

அவர் போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் பிறந்து, அங்கே பத்திரிகையாளராக இருந்தவர். 1992 தொடக்கத்தில் பயணமாக அமெரிக்கா போனார். மே 1ஆம் தேதி ஊர் திரும்ப வேண்டியவர், சிகாகோவிலேயே தங்கிவிட்டார். அதற்குள் போர் மூண்டு, போஸ்னிய செர்பியப் படைகள் சரயேவோவைச் சூழ்ந்துகொண்டன. அந்த முற்றுகை 1996 பெப்ரவரி வரை நீடித்தது.

27 வயதில், எழுதும் அளவுக்கு ஆங்கிலம் கைவராத நிலையில், சாண்ட்விச் செய்தார், சைக்கிளில் பார்சல் கொண்டுபோனார், புத்தகக் கடையில் நின்றார். கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காக வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டார். எனக்கு இதுதான் முக்கியம். முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் திறக்கிறார், அவர் மூடுவதற்குள் பேசியாக வேண்டும். அப்படித் தினமும் பேசிப் பேசி வரும் மொழியை எந்த வகுப்பும் கொடுக்காது, என்னுடையதும் சேர்த்துத்தான். பிறகு ஹெமோனே புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ரஷ்யாவில் பிறந்து ஆங்கிலத்தில் நாவல் எழுதிய நபோகோவைப் படித்து, தெரியாத சொற்களை அடிக்கோடிட்டு அகராதியில் தேடினார். 1995இல் ஆங்கிலத்தில் முதல் கதை, 2000இல் முதல் நூல், 2004இல் ‘மேதை நல்கை’ என்று பேசப்படும் அமெரிக்காவின் மக்ஆர்தர் நல்கை. விமர்சகர்கள் அவரை நபோகோவோடு ஒப்பிடுவதுண்டு. நபோகோவுக்குச் சிறுவயதிலேயே ஆங்கிலம் இருந்தது. ஹெமோன் கூலி வேலைக்கு நடுவே தேடிக்கொண்டது. மேதைமை என்று சொல்லி அந்த உழைப்பை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சரயேவோ இதழுக்குப் போஸ்னிய மொழியில் எழுதுவதையும் அவர் விட்டுவிடவில்லை.

ஆனால் என் மாணவர்களுக்கு ஹெமோனைவிட அவருடைய அப்பாதான் நெருக்கமானவர். மின்துறைப் பொறியாளர், ஐம்பதைத் தாண்டிய வயதில், 1993இல், மனைவியோடு இங்கிருந்து ஒரு மணிநேரத் தூரத்திலுள்ள ஹாமில்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். கனடாவிலும் தேனீ வளர்த்தார், ஊரில் செய்த மாதிரியே. வேலை தேடுபவர்களிடம் நெடுங்காலமாகக் ‘கனடிய அனுபவம்’ கேட்டுவந்த ஊர் இது. பழைய தொழிலை மறந்துவிடுங்கள் என்று ஆலோசகர்களே சொல்லி அனுப்புகிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. முதல் வாரம் முழுக்க ஒவ்வொருவரும் தன் பழைய வேலையைப் பற்றித்தான் பேச வேண்டும். மருந்து கலப்பதையோ வழக்குக் கட்டை ஒழுங்குபடுத்துவதையோ விளக்கும்போது இலக்கணம் தடுக்கும். சரி, தடுக்கட்டும். தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அவர்கள் இந்த மொழியில் அங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறார்கள்.