லுக்கேமியா வைரஸோடு ஒரு பூனை

செம்பன் என்ற பூனையைத் தெருவிலிருந்து மீட்டு வந்தது காலில் இருந்த புண்ணுக்காக. புண் ஆறிவிட்டது. கூடவே எடுத்த ரத்தச் சோதனையில் ஃபெலைன் லுக்கேமியா வைரஸ் பாசிட்டிவ் என்று வந்தது. சில பூனைகளின் உடம்பு இந்த வைரஸைத் தானே அடக்கிவிடும் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி சோதித்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையும் பார்த்தார்கள். இரண்டுமே பாசிட்டிவ்.

‘இனி வைத்தியம் பார்த்து என்ன ஆகப்போகிறது’ என்று கேட்டவர்கள் அதிகம். வைரஸை ஒழிக்க மருந்தில்லை என்பது உண்மைதான். ஆனால் அது எதிர்ப்பு சக்தியைக் குறைத்து உள்ளே விடுகிற வியாதிகள் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. அதை நேரில் பார்த்தேன்.

ஒருநாள் அவன் எழுந்திருக்கவே இல்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 12 சதவீதம். நல்ல பூனைக்கு 30-க்குக் குறையாமல் இருக்கும். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகை உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் வகை கிடையாது. வகை மாறினால் முதல் தடவையிலேயே உயிருக்கு ஆபத்து. கொடுக்கிற பூனைக்கும் இந்த வைரஸ் இருக்கக் கூடாது. அப்படி ஒரு பூனை கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ரத்தசோகைக்கு வைரஸ் மட்டும் காரணமில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியும் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அழித்துக்கொண்டிருந்தது. அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். இந்த மாத்திரையை வெறுமனே விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும், குழாயே சுருங்கிப்போகலாம். மாத்திரை போன கையோடு சிரிஞ்சில் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். காய்ச்சல் அடிக்கிறதே என்று பாராசிட்டமால் சொன்னார் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான். பூனைக்கு அது விஷம்.

மருந்தைவிடப் பெரும்பாடு சாப்பாடுதான். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி வியாதியாகிவிடும். சிரிஞ்சில் ஊட்டினால் துப்பினான், பிறகு என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடினான். கழுத்து வழியாக உணவுக்குழாயில் ட்யூப் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. வைத்த பிறகு வீடே அமைதியானது. வெதுவெதுப்பான கூழ் உணவை மெதுவாகச் செலுத்துவேன், அவன் மடியில் படுத்துக் குறுகுறுவென்று சத்தம் போடுவான். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு ட்யூப் அடைக்காமல் பார்க்க வேண்டும், துளையைச் சுற்றித் தினமும் துடைத்துச் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரையைக்கூடப் பொடித்துக் கரைத்து அதிலேயே கொடுக்கலாம். ட்யூப் என்றால் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு என் சிபாரிசு, தள்ளிப்போடாதீர்கள். தானாகச் சாப்பிட ஆரம்பித்தபின் எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறது. எச்சில் வழியாகத்தான் பெரும்பாலும் தொற்றும்: ஒன்றையொன்று நக்குவது, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, கடி. அதனால் இருவருக்கும் தனித்தனி அறை. அவளுக்கு நெகட்டிவ் என்று உறுதியானபின் தடுப்பூசி போட்டோம். ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு அந்த ஊசியால் பயனில்லை. வெளியே அதிக நேரம் பிழைக்காத வைரஸ், சோப்புத் தண்ணீருக்கே சாகும். மனிதர்களுக்கும் நாய்களுக்கும் வராது.

செம்பனை வெளியே விடுவதில்லை, பச்சை மாமிசம் தருவதில்லை. தூங்கும்போது மூச்சு எண்ணுகிறேன். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் மறுபடி ரத்தசோகையாக இருக்கலாம், அல்லது நெஞ்சில் லிம்போமா என்ற புற்றுநோய்க் கட்டி வந்து நீர் கோத்திருக்கலாம். ஒரு தடவை தாண்டியது. எக்ஸ்ரேயில் கட்டி எதுவும் இல்லை, ஆனால் சிவப்பணு மறுபடி இறங்கியிருந்தது, மருந்தில் ஏறிவிட்டது. இப்போது வாய்ப்புண் வந்திருக்கிறது. அதற்காகப் பற்களைப் பிடுங்குவதென்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதைத் தாங்குகிற அளவுக்கு ரத்தம் இருக்கிறதா என்று அடுத்த வாரச் சோதனையில் தெரியும்.